படம் வருவதற்கு முன்பே 4கே, 8கே பாக்ஸ் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் யாராவது டிவிக்குப் புது ஸ்ட்ரீமிங் பாக்ஸ் (நெட் வழியாக வரும் படங்களை டிவியில் காட்டும் பெட்டி) வாங்கக் கிளம்பினால், போகிற வழியில் எனக்கு ஒரு போன் வரும். பல வருஷமாக இப்படித்தான். கேள்விகளும் ஏறக்குறைய அதேதான்: "அவ்வளவு ரெசல்யூஷன்ல படமே இல்லையே, பாக்ஸ் மட்டும் எதுக்கு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்ஸ் படத்தைவிட ஒரு படி முன்னால் இருக்கத்தான் வேண்டும். இரண்டு படி வேண்டாம்.

4கே, 8கேன்னு சொல்றாங்களே, அது எந்தக் கணக்குல வருது?

திரையில் உள்ள புள்ளிகளின் கணக்கு. ஒரு புள்ளி ஒரு பிக்சல். 720பி என்றால் குறுக்கே 1280, மேலிருந்து கீழே 720; மொத்தம் சுமார் 9.2 லட்சம் புள்ளிகள். 1080பி என்றால் 1920-க்கு 1080, ஏறத்தாழ 20.7 லட்சம். டிவியில் 4கே என்பது 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். 8கே 7680-க்கு 4320, 3 கோடியே 31 லட்சம்.

பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. 720, 1080 எல்லாம் உயரக் கணக்கு. 4கே, 8கே அகலக் கணக்கு. 1080பியிலிருந்து 4கேக்குப் போகும்போது அகலம் இரண்டு மடங்கு, உயரம் இரண்டு மடங்கு, புள்ளிகள் நான்கு மடங்கு ஆகின்றன. 4கேயிலிருந்து 8கேக்கும் அதே நான்கு மடங்குதான்.

4கே பாக்ஸ் வாங்கிட்டா, பார்க்கிறது எல்லாமே 4கேயா மாறிடுமா?

மாறாது. 1080பியில் எடுத்த படத்தில் இருக்கும் விவரம் 20.7 லட்சம் புள்ளிகளுக்கு உள்ளேதான். அதை 4கே திரை முழுக்க நிரப்ப, இடைப்பட்ட புள்ளிகளை பாக்ஸோ டிவியோ கணித்துப் போடுகிறது. இதற்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். நன்றாகச் செய்தால் ஓரங்கள் மழமழப்பாக வரும். படத்தில் இல்லாத விவரம் ஒன்றும் புதிதாகப் பிறக்காது.

படமே இன்னும் வரல. அப்புறம் எதுக்கு பாக்ஸ்ல மட்டும் முன்கூட்டியே?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பதிலை நடந்த கதையிலிருந்தே சொல்கிறேன். முதல் ஆப்பிள் டிவி 2007-இல் வந்தது. பெயர்தான் டிவி, அது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் பாக்ஸ். 720பி வரை ஓட்டும். ஆனால் அன்றைக்கு ஆப்பிளின் ஐட்யூன்ஸ் ஆன்லைன் கடையில் கிடைத்த படங்கள் 640-க்கு 480 அளவுதான். அப்போதும் இதே கேள்விதான் எழுந்திருக்கும்: எதற்கு 720பி? அடுத்த வருஷமே, 2008-இல், எச்டி படங்கள் வாடகைக்கு வந்தன. பழைய பாக்ஸ் வைத்திருந்தவர்கள் இலவச அப்டேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதே பாக்ஸில் எச்டி பார்த்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே நிறுவனத்துடையதே. 2010-இல் வந்த இரண்டாம் தலைமுறை பாக்ஸ் 720பியோடு நின்றது. 2012 மார்ச்சில் ஐட்யூன்ஸில் 1080பி வந்தபோது, அதற்கு என்றே ஒரு புதுப் பாக்ஸ் வந்தது. இரண்டு வருஷம்கூட ஆகாத பாக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு வழி இல்லை. 2015-இல் மறுபடியும் அதே கதை. அந்த வருஷம் வந்த ஆப்பிள் டிவி 1080பி மட்டும். அதே வருஷம் ரோக்கு நிறுவனத்தின் ரோக்கு 4 பாக்ஸும் அமேசானின் புது ஃபயர் டிவி பாக்ஸும் 4கே கொடுத்தன. நெட்ஃபிளிக்ஸ் 4கே ஸ்ட்ரீமிங்கை 2014-லேயே தொடங்கியாகிவிட்டது. 2017 செப்டம்பரில்தான் ஆப்பிள் டிவி 4கே வந்தது. அத்தோடு, முன்பே எச்டியில் வாங்கிய படங்களில் பலவற்றைக் கூடுதல் பணம் கேட்காமல் 4கேயாக உயர்த்தியும் கொடுத்தார்கள். 2015 பாக்ஸ் வைத்திருந்தவருக்கு அந்தப் படங்கள் கையில் இருந்தும் பார்க்க வழி இல்லை.

வாங்கும் நாளில் ஐட்யூன்ஸில் இருக்கும் படங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் 2007 பாக்ஸ் வீண் செலவு, 2015 பாக்ஸ் சரியான அளவு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் கணக்கு தலைகீழ். பாக்ஸை யாரும் ஒரு வருஷத்துக்காக வாங்குவதில்லை. நான் பார்த்த வீடுகளில் ஐந்தாறு வருஷமாவது அது டிவிக்குப் பின்னால் கிடக்கிறது.

பாக்ஸ் முந்தியா, படம் முந்தியா? இது மரம் முந்தியா விதை முந்தியா கதைதானே?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 4கேயில் ஒரு தொடரை எடுத்து, எடிட் செய்து, தனியாக என்கோட் செய்து (நெட்டில் அனுப்பச் சுருக்கி) சர்வரில் வைக்கப் பணம் போகிறது. பார்க்க ஆள் இல்லையென்றால் எந்த நிறுவனமும் அதைச் செய்யாது. வீடுகளில் பாக்ஸ் இருந்தால்தான் அவர்களுக்குத் துணிச்சல் வரும். முதல் அடியை யாராவது ஒருவர் வைக்க வேண்டும் என்றால், பாக்ஸ் பக்கம் வைப்பதுதான் சுலபம். பாக்ஸில் சிப்பையும் போர்ட்டையும் மாற்றினால் போதும். படத்துறையில் கேமராவிலிருந்து கடைசி சர்வர் வரை எல்லாம் மாற வேண்டும்.

கலர் டிவி வந்த விதமும் இதுதான். அமெரிக்காவில் கலர் ஒளிபரப்புக்கான தரம் 1953 டிசம்பரில் அனுமதி பெற்றது. 1954-இல் ஆர்சிஏ நிறுவனம் கலர் டிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று பெரிய நெட்வொர்க்குகளின் முக்கிய நேர நிகழ்ச்சிகள் முழுக்கக் கலருக்கு வந்தது 1966-இல். பன்னிரண்டு வருஷம்! அது தாங்கியதற்குக் காரணம், கலர் டிவியில் கறுப்பு-வெள்ளை நிகழ்ச்சியும் ஓடியது, கறுப்பு-வெள்ளை டிவியில் கலர் நிகழ்ச்சியும் ஓடியது. 4கே பாக்ஸும் அப்படியே. 1080பி படத்தை அது ஒருபோதும் மறுப்பதில்லை. காத்திருக்கும் காலத்தில் வாங்கியவருக்கு நஷ்டம் இல்லை.

இப்போ 1080பி பாக்ஸ் வாங்கிட்டு, பின்னாடி அப்டேட் போட்டு 4கே ஆக்கிக்க முடியாதா?

முடியாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நெட் வழியாக வருவது படம் இல்லை, படத்தைச் சுருக்கி மடித்த ஒரு மூட்டை. 4கே படம் விநாடிக்கு 15 மெகாபிட் அளவில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸ் அதைப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணித்து, விநாடிக்கு 60 ஃபிரேமாகக் கேபிள் வழியே டிவிக்கு அனுப்பும்போது அது விநாடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட் ஆகிவிடுகிறது. எண்ணூறு மடங்கு! இந்த வேலையைச் செய்ய சிப்பினுள் டிகோடர் என்று தனிச் சுற்று ஒன்று பதிந்திருக்கும். எந்த வகைச் சுருக்கத்தைப் பிரிக்கலாம், எவ்வளவு பெரிய படத்தைப் பிரிக்கலாம் என்பது சிப் தயாரான அன்றே முடிவாகிவிடும். அப்டேட் வந்து அந்தச் சுற்றை மாற்ற முடியாது. பொதுவான புராசஸரைக் கொண்டு இழுத்துப் பிடித்து ஓட்டினால், சின்ன பாக்ஸ்களில் படம் திக்கித் திக்கி வரும், பாக்ஸும் சூடேறும்.

டிவிக்குப் போகும் கேபிளை மாட்டும் எச்டிஎம்ஐ போர்ட்டும் அப்படித்தான். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே உண்டு, ஆனால் விநாடிக்கு 30 ஃபிரேம் வரைதான். 60 ஃபிரேமுக்கு 2013-இல் வந்த 2.0 வேண்டும். 8கே 60 ஃபிரேமுக்கு 2017-இல் வந்த 2.1. மெனு அழகாக இல்லையா, ஆப் வரவில்லையா, இதெல்லாம் அப்டேட்டில் சரியாகும். டிகோடர், போர்ட், வைஃபை சிப், காப்புரிமைப் பூட்டு (படத்தைத் திருட்டு நகல் எடுக்கவிடாமல் காக்கும் முறை) ஆகிய நான்கும் வாங்கிய அன்று எப்படியோ அப்படியேதான் கடைசிவரை. பின்னால் மாற்ற முடியாததை முன்கூட்டியே போட்டுத் தர வேண்டும் என்பதுதான் என் வாதத்தின் மொத்தமும்.

என் பாக்ஸ் 4கேதான். ஆனா யூடியூப்ல மட்டும் 4கே வரமாட்டேங்குது, ஏன்?

புள்ளிக் கணக்கு சரியாக இருந்தும் சுருக்கும் முறை பொருந்தாமல் போயிருக்கலாம். அந்த முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்இவிசி, அதே வருஷம் கூகுள் கொண்டுவந்த விபி9, 2018-இல் வந்த ஏவி1 என்று வரிசையாக உண்டு. ஆப்பிள் டிவி 4கே 2017-இல் வந்தபோது எச்இவிசி தெரியும், விபி9 தெரியாது. யூடியூப் 4கேயை விபி9-இல் கொடுத்தது. விளைவு, 4கே என்று பெயரிலேயே வைத்திருந்த பாக்ஸில் யூடியூப் 1080பியில் ஓடியது. 2020-இல் டிவிஓஎஸ் 14 என்ற அப்டேட் வந்தபிறகே அது மாறியது. இப்படி அப்டேட்டில் சரியாவது விதிவிலக்கு, எல்லாப் பாக்ஸிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் "பாக்ஸ் முன்னால் போக வேண்டும்" என்று நான் சொல்லும்போது புள்ளிகளை மட்டும் சொல்லவில்லை, கோடெக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் கோடெக் என்பேன். புதிய கோடெக் அதே தரத்தை எச்.264-ஐவிடக் கிட்டத்தட்ட பாதி டேட்டாவில் கொடுக்கும். மெதுவான நெட்டில் 1080பி பார்ப்பவருக்கும் அது இன்றைக்கே பயன்படும். இன்று புதிதாக வரும் ஒரு பாக்ஸில் ஏவி1 இல்லையென்றால் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

என் டிவியே 1080பிதான். எனக்கு 4கே பாக்ஸ் வீண்தானே?

இன்றைய படத்துக்கு வீண்தான். 4கே பாக்ஸ் அந்த டிவியைப் பார்த்ததும் 1080பிக்கு இறங்கிவிடும், படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் 4கே பாக்ஸில் சிப் வலுவாக இருக்கும், மெனு இழுக்காது, புதிய கோடெக் இருக்கும், ஆப்களின் புதுப் பதிப்பும் கூடுதல் வருஷம் வரும். நாளைக்கு டிவி மாறினால் பாக்ஸ் அப்படியே போகும். டிவி மாற்றும் எண்ணமே அறவே இல்லை, ஒன்றிரண்டு ஆப் மட்டும் போதும் என்றால் 1080பி பாக்ஸே எடுங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

எங்க வீட்டு நெட்டுக்கு 4கே தாங்குமா? சுத்திக்கிட்டே நிக்குமோன்னு பயம்.

4கேக்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ், 1080பிக்கு 5. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். டேட்டா வரம்பு உள்ள இணைப்பு என்றால் இன்னொரு கணக்கு: 15 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 6.75 ஜிபி போகும், 5 மெகாபிட்டில் 2.25 ஜிபி.

வேகம் குறைந்தால் நின்றுபோகாது. ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்திருப்பார்கள். நெட் மெலிந்தால் பாக்ஸ் தானே கீழ் அளவுக்கு இறங்கும், சரியானதும் மேலே ஏறும். பாக்ஸ் 4கே என்பதாலேயே சுற்றிக்கொண்டு நிற்காது. பெரும்பாலும் நான் பார்த்த சிக்கல் வைஃபையில்தான். ரூட்டர் ஒரு அறையில், டிவி இரண்டு சுவர் தாண்டி இன்னொரு அறையில். முடிந்தால் ஈதர்நெட் கேபிளை இழுத்து மாட்டுங்கள்.

உண்மையைச் சொல்லுங்க, 1080பிக்கும் 4கேக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமா?

உட்காரும் தூரத்தைப் பொறுத்தது. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்கும் என்பது வழக்கமான கணக்கு. 55 அங்குல டிவி சுமார் 122 செ.மீ. அகலம். 1080பியில் ஒரு புள்ளி 0.63 மி.மீ. வருகிறது. கணக்குப்படி 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகளையே கண் தனித்தனியாகப் பிரிக்காது. 4கேயால் கூடுதலாகப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 4கேயின் புள்ளி 0.32 மி.மீ.; அதன் முழுப் பலன் வேண்டுமென்றால் ஏறத்தாழ 1.1 மீட்டரில் உட்கார வேண்டும். இடைப்பட்ட தூரத்தில் ஓரளவு கிடைக்கும்.

இதை நம்பாமல் நானே ஒரு நாள் டேப் எடுத்து அளந்தேன். 55 அங்குல டிவியில், ஒரே காட்சியை 1080பியிலும் 4கேயிலும் மாற்றி மாற்றி ஓடவிட்டு நிறுத்தினேன். ஒரு பழைய கட்டடத்தின் செங்கல் சுவர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை. ஒன்றரை மீட்டரில் நின்றபோது 4கேயில் செங்கல் இடுக்குக் காரையின் சொரசொரப்பு தெரிந்தது, 1080பியில் அது ஒரே சாம்பல் கோடு. ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனேன். இரண்டு மீட்டர் தாண்டியதும் எது எது என்று சொல்ல முடியவில்லை. வழக்கமாக நாங்கள் உட்காரும் சோபா மூன்று மீட்டரில் இருந்தது. அன்றைக்கே அதை முன்னால் இழுத்துப் போட்டோம்.

அப்படின்னா 4கேக்கே இவ்வளவு முன்னாடி வரணும்னா, மக்கள் எதைப் பார்த்து "ஆகா"ன்னு சொல்றாங்க?

பெரும்பாலும் எச்டிஆரைப் பார்த்து. நிறத்தையும் வெளிச்சத்தையும் கூடுதல் அளவில் காட்டும் முறை அது. 4கேயோடு சேர்ந்து வருவதால் அதன் பெயரும் 4கே கணக்கில் போய்விட்டது. பழைய முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள், மொத்தம் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். எச்டிஆரில் 10 பிட், 1024 படிநிலைகள், மொத்தம் 107 கோடிக்கு மேல். வெளிச்சத்தின் எல்லையும் விரிகிறது. ஜன்னல் வழியே வரும் வெயிலும் அறைக்குள் இருக்கும் இருட்டும் ஒரே ஃபிரேமில் தெரியும். அந்திவானம் பட்டை பட்டையாக உடையாமல் வரும். இதற்கு உட்காரும் தூரம் ஒரு பொருட்டே இல்லை. அறையின் கோடியில் உட்கார்ந்தாலும் தெரியும்.

ப்ளூ-ரேல 1080பி பார்த்தா, ஸ்ட்ரீமிங் 4கேயைவிட நல்லா இருக்கே. என் கண்ணுல கோளாறா?

கண்ணில் கோளாறு இல்லை. ப்ளூ-ரே 1080பி படத்துக்கு விநாடிக்கு 40 மெகாபிட் வரை கொடுக்கலாம். மேலே சொன்னபடி ஸ்ட்ரீமிங் 4கே பெரும்பாலும் 15-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது, அதுவும் நான்கு மடங்கு புள்ளிகளுக்கு. புதிய கோடெக் கெட்டிக்காரத்தனமாகச் சுருக்கினாலும், மழை, புகை, தண்ணீர்த் திவலை, கூட்டம் இதெல்லாம் வரும்போது பிசுபிசுவென்று குழம்பிவிடும். பெரிய திரையில் இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் உள்ள இடம் இது. அடுத்த முன்னேற்றம் புள்ளிகளின் எண்ணிக்கையில் வருவதைவிட, இருக்கும் புள்ளிகளுக்குப் போதுமான டேட்டா கொடுப்பதில் வர வேண்டும். 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரே டிஸ்கைப் பார்த்தவர்கள், அதே படத்தை ஸ்ட்ரீமிங்கில் பார்க்கும்போது இந்தக் குறையை உணர்வார்கள்.

பழைய படமெல்லாம் 4கேன்னு போடறாங்களே, அன்னைக்கு ஏது 4கே கேமரா?

35 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படத்தில் 1080பிக்கு மேலான விவரம் பதிந்தே இருக்கிறது. நல்ல நெகட்டிவ் கிடைத்து மறுபடி ஸ்கேன் செய்தால் அறுபது வருஷத்துப் படம்கூட உண்மையான 4கே ஆகும். இதற்கு மாறாக, 2000-க்குப் பிறகு டிஜிட்டலாக முடிக்கப்பட்ட படங்கள் பல 2கேயில், அதாவது 2048 புள்ளி அகலத்தில், முடிக்கப்பட்டவை. அவற்றின் 4கே பதிப்பு பெரும்பாலும் அப்ஸ்கேல் செய்ததே. ஆக, "படம் இன்னும் வரவில்லை" என்பது முழுக்கச் சரியில்லை. ஒரு பகுதிப் படங்கள் பெட்டகங்களில் ஃபிலிமாக ஏற்கெனவே இருக்கின்றன.

சினிமாவை விடுங்க. நான் போன்ல எடுத்த வீடியோவைப் பார்க்க பாக்ஸ் போதுமா?

இந்தக் கேள்வியை மிகக் குறைவான பேர்தான் கேட்கிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 2013-இல் சாம்சங் நோட் 3, 2015-இல் ஐபோன் 6எஸ் என்று போன்களில் 4கே பதிவு வந்து பல வருஷம் ஆகிறது. படம் வரவில்லை என்று ஸ்டூடியோக்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் போனிலேயே 4கே படம் மலையாகக் குவிந்து கிடக்கிறது.

என் பாட்டி ஊசியில் நூல் கோப்பதை ஒருமுறை 4கேயில் எடுத்திருந்தேன். ஒன்றரை நிமிஷம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு ஊசியைத் தூக்கிப் பிடிப்பார். பழைய 1080பி பாக்ஸில் போட்டபோது சத்தம் வந்தது, படம் மூன்று நொடிக்கு ஒருமுறை போட்டோ மாதிரி மாறியது. டிகோடரால் முடியவில்லை, மேலே அப்டேட் பற்றிச் சொன்ன அதே சங்கதி. பாட்டி போன பிறகு வாங்கிய 4கே பாக்ஸில் அதே ஃபைலைப் போட்டேன். நூலின் பிசிறு தெரிந்தது. விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த புள்ளிகள் தெரிந்தன. எடுத்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சரி, ஒரு படி முன்னாடி இருக்கணும்னா, 8கே பாக்ஸும் நியாயம்தானே? ஏன் அதுக்கு மட்டும் வேண்டாங்கறீங்க?

என் வாதத்தை எனக்கே திருப்பிப் போடும் கேள்வி, போட வேண்டியதுதான். 2014-இன் 4கேக்கும் இன்றைய 8கேக்கும் இரண்டு இடத்தில் வித்தியாசம் பார்க்கிறேன். ஒன்று கண். மேலே சொன்ன கணக்கையே நீட்டினால், 55 அங்குலத்தில் 8கேயின் முழுப் பலனுக்கு அரை மீட்டர் சொச்சத்தில் உட்கார வேண்டும். திரை இரண்டு மடங்கு பெரிதானாலும் 1.1 மீட்டர்தான். 110 அங்குலத் திரைக்கு முன்னால் அவ்வளவு கிட்டத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

இரண்டாவது, படம் வரும் அறிகுறி. 4கே பாக்ஸ்கள் வந்த 2015-இல் நெட்ஃபிளிக்ஸ் ஏற்கெனவே 4கே கொடுத்துக்கொண்டிருந்தது. 8கேயில் யூடியூப் 2015 முதல் வீடியோ ஏற்கிறது, ஜப்பானின் என்எச்கே 2018 டிசம்பர் 1-ஆம் தேதி 8கே சேனலே தொடங்கியது. இத்தனை வருஷம் ஆகியும் பெரிய சந்தா சேவைகளின் உச்சம் 4கேதான். ஒரு படி முன்னால் என்பது அடுத்த படி கண்ணுக்குத் தெரியும்போது வைக்கிற அடி. 8கேக்கு அந்தப் படி இன்னும் தெரியவில்லை. பாக்ஸ் செய்பவர்கள் அந்தச் செலவை ஏவி1-க்கும், நல்ல வைஃபைக்கும், கூடுதல் மெமரிக்கும் போடட்டும்.

3டி டிவி கதை மாதிரி இதுவும் காணாம போயிடாதா?

2010-இல் 3டி டிவியை எல்லாரும் தூக்கிப் பிடித்தார்கள். 2017 மாடல்களில் எல்ஜியும் சோனியும் அதை விட்டுவிட்டன. அதற்குக் கண்ணாடி போட வேண்டும், தனியாக 3டியில் எடுத்த படம் வேண்டும், சிலருக்குத் தலைவலி வரும். கலர் டிவி பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் பழக்கத்தை மாற்றச் சொல்லாத மாற்றம் மெதுவாகவாவது நிலைத்துவிடுகிறது. 4கே யாரையும் எதையும் மாட்டிக்கொள்ளச் சொல்லவில்லை.

கடையில ஒரு பாக்ஸ், அட்டையில "8கே"ன்னு போட்டு விலை ரொம்பக் கம்மியா இருக்கு. எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். எனக்கு வேண்டிய ஒருவர் இப்படி ஒன்றை வாங்கிவந்து மாட்டச் சொன்னார். 8கே ஃபைலை ஏற்கும் என்பதற்காக அட்டையில் அப்படி அச்சடித்திருந்தார்கள். பாக்ஸிலிருந்து டிவிக்குப் போனது 4கேதான். அதைவிட மோசம், சந்தா கட்டிய ஆப்பைத் திறந்தால் படம் மங்கலாக எஸ்டியில், அதாவது எச்டிக்கும் கீழான பழைய தரத்தில், ஓடியது.

காரணம், மேலே காப்புரிமைப் பூட்டு என்று சொன்னது. ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் வைட்வைன் என்று ஒரு முறை உண்டு. அதில் எல்1 சான்று பெற்ற பாக்ஸுக்குத்தான் பெரும்பாலான சேவைகள் எச்டி, 4கே அனுப்பும். எல்3 மட்டும் இருந்தால் எஸ்டியோடு நின்றுவிடும். சில சேவைகள் பாக்ஸ் மாடலையே தனியாகச் சோதித்து அனுமதிக்கும். அட்டையில் உள்ள எண்ணைவிட, நீங்கள் சந்தா கட்டும் சேவை தன் உதவிப் பக்கத்தில் அந்த பாக்ஸின் பெயரைப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டிவியும் 4கே, பாக்ஸும் 4கே, நெட்டும் நல்லா இருக்கு. ஆனாலும் 1080பிதான் வருது. எங்க தப்பு?

முதலில் சந்தாவைப் பாருங்கள். பல சேவைகளில் மேல்நிலைத் திட்டத்துக்கு மட்டும்தான் 4கே. அடுத்து டிவியின் போர்ட். 4கே படங்களுக்குப் பாக்ஸிலிருந்து டிவி வரை எச்டிசிபி 2.2 என்ற பூட்டு வேண்டும். தொடக்ககால 4கே டிவிகள் சிலவற்றில் அது கிடையாது. இன்னும் சிலவற்றில் ஒன்றிரண்டு போர்ட்டில் மட்டும் இருக்கும். அந்த டிவிகளை முன்கூட்டியே வாங்கியவர்களிடம் 83 லட்சம் புள்ளிகளும் இருந்தன, பூட்டைத் திறக்கும் சாவி மட்டும் இல்லை. இதுவும் அப்டேட்டில் சரியாகாத வகை. நடுவில் பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள். டிவி செட்டிங்ஸில் அந்தப் போர்ட்டுக்கு முழு வேகத்தைத் தனியாக ஆன் செய்ய வேண்டிய மாடல்களும் உண்டு. எல்லாம் சரி என்றால் கடைசியாகக் கேபிளை மாற்றுங்கள்.

எல்லாத்தையும் 4கே எச்டிஆர்லயே ஓடற மாதிரி வச்சுடலாமா?

ரெசல்யூஷனை 4கேயில் வையுங்கள், எச்டிஆரைக் கட்டாயமாக்காதீர்கள். சாதாரணப் படத்தை எச்டிஆராக மாற்றிக் காட்டும்போது முகங்கள் சிவந்தோ வெளுத்தோ போகும். செட்டிங்ஸில் "படத்துக்கு ஏற்ப மாற்று" என்ற பொருளில் இரண்டு தேர்வுகள் இருக்கும்: ஒன்று எச்டிஆருக்கு, ஒன்று ஃபிரேம் வேகத்துக்கு. இரண்டையும் ஆன் செய்யுங்கள். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். அதை 60-க்குள் அடைத்தால் ஒரு ஃபிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று வரும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் வெட்டி வெட்டி நகரும். ஆன் செய்தபின் படம் தொடங்கும்போது திரை ஒரு நொடி கறுப்பாகும். பயப்படாதீர்கள், டிவி வேகம் மாற்றிக்கொள்கிறது.

மாட்டியாச்சு. நிஜமாவே 4கேதான் வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் வருவது பாக்ஸ் அனுப்பும் அளவு. பாக்ஸ் அப்ஸ்கேல் செய்து அனுப்பினாலும் அங்கே 3840-க்கு 2160 என்றே காட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, செட்டிங்ஸில் "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதை ஆன் செய்யுங்கள். உண்மையில் எந்த அளவு வருகிறது, விபி9-ஆ ஏவி1-ஆ, எத்தனை ஃபிரேம் தவறியது என்று எல்லாம் வரும். முதல் சில நொடிகள் எண் சின்னதாக இருக்கும், நெட்டின் வேகத்தை அளந்துகொண்டு மேலே ஏறும். அரை நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் 1920-க்கு 1080 என்றே நின்றால், மேலே போர்ட், கேபிள் பற்றி எழுதிய பதிலிலிருந்து தொடங்குங்கள். அதிலும் தீரவில்லை என்றால், கோடெக் பற்றிய பதிலைப் பாருங்கள்.